எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை

தாமிரபரணியில் தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஜங்ஷனில் ஜனம் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கிற திருநெல்வேலியில், ஈரடுக்குப் பாலத்தைவிட்டு இறங்குகிற எந்த பஸ்ஸில் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் கண்ணில் வந்து இடிக்கிற மாதிரி மகாகோடி ஸ்டோர்ஸ் என்று ஒரு ஜவுளிக்கடை இருந்தது. கோடி என்றால் பணமா, கல்யாணத்துக்கு எடுக்கிற கோடித்துணியா, இல்லை கடைசியாகப் போர்த்துவார்களே அந்தக் கோடியா என்று நக்கலடித்துக்கொண்டு வாசலில் நின்றவர்களையும் அந்தக் கடை ஏ.சி. காற்றைக் காட்டி உள்ளே இழுத்து, மாடி மாடியாக ஏற்றி இறக்கி, ஆளுக்கொரு கட்டைப் பையைக் கையில் கொடுத்துத்தான் வெளியே அனுப்பியது.

அந்தக் கடைக்கு ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலுக்குப் பேச்சியம்மாள் என்று பெயர். முதல் மாடி மூலையில் கண்ணாடி போட்ட மைக் ரூமில் உட்கார்ந்துகொண்டு, கடை திறந்ததிலிருந்து அடைக்கிறவரை, "அன்பான வாடிக்கையாளர்களே, வாங்க வாங்க, பட்டுச் சேலைகள் முதல் மாடியில், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும், பைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று வெண்ணெயில் வழுக்குகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்து, ஒவ்வொரு அறிவிப்பின் வாலிலும் முதலாளி அண்ணாச்சியின் பெருமைக்குரிய அந்த வரியை ஒட்டுவாள்: "எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை." எதிர்த்த கடைக்காரர்கள் தென்காசியில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று என்று திறந்துகொண்டே போக, அண்ணாச்சிக்கு மட்டும் தன் கடை ஒன்றே ஒன்று என்பதில் அப்படி ஒரு மிதப்பு. பில்லிலும் கட்டைப் பையிலும் காலண்டரிலும் அதையே அச்சடித்திருந்தார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பேச்சியின் நாக்குக்கு வல்லின ற வராது. கறியும் அவளுக்குக் கரிதான், அறையும் அரைதான், பறவை என்பாள், பரவையாக வந்து விழும். ஆகவே இத்தனை வருஷமாக அந்தக் கடையின் கூரையெங்கும் பதித்திருந்த ஸ்பீக்கர்களிலிருந்து ஊருக்குச் சொல்லப்பட்டதெல்லாம் "எங்களுக்கு வேரு எங்கும் கிளைகள் இல்லை" என்பதுதான். ஊரும் பாதி அப்படித்தான் பேசியது. அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

மைக் ரூமுக்கு வருவதற்கு முன்னால் பேச்சியும் பட்டுச் சேலைப் பிரிவில் நின்றவள்தான். மேலப்பாளையத்துச் செய்யதலி பாத்திமாவும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே கவுண்டரில் நின்று, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, பிரித்த சேலையை மடித்து மடித்த சேலையைப் பிரித்துக் காலம் தள்ளினார்கள். குரல் நன்றாக இருக்கிறது என்று பேச்சியை மைக் ரூமுக்கு அனுப்பினார்கள். அங்கே சுற்றுகிற நாற்காலி இருந்தது. பாத்திமா அங்கேயே நின்றாள். நின்று நின்று அவள் காலில் நரம்பெல்லாம் புடைத்துப் புடலங்கொடியாகச் சுருண்டுகொண்டு கிடந்தது. கடையில் நிற்பவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது மகாகோடிக்கும் நாற்காலிகள் வந்து இறங்கின. இறங்கியவை சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் வரிசையாக நின்றன. அதில் எவளாவது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் தளவாய் அந்த வாரத்து லீவை வெட்டிவிடுவார். "நாற்காலி சட்டத்துக்கு, நீங்க வியாபாரத்துக்கு" என்பார்.

பேச்சிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பாத்திமா உட்கார வேண்டும். டிரையல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாகக் குந்துவது அல்ல. கடை நடுவில், விளக்கு வெளிச்சத்தில், வாடிக்கையாளர் பார்க்க, தளவாய் பார்க்க, அண்ணாச்சியே பார்க்க, ஒரு மனுஷி உட்காருவது மாதிரி உட்கார வேண்டும். தன் சுற்று நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் பேச்சிக்கு இந்த நினைப்பு வந்து குத்தும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து நிகில் சார் வந்து சேர்ந்தார். கடையை நிறுவனமாக மாற்றுகிற வேலை அவருடையது. வந்த அன்றைக்கே, சேலை எடுத்துப்போட்ட பெண்களெல்லாம் அசோசியேட் ஆனார்கள். விற்பனைக்கு டார்கெட் வந்தது, சிரிப்புக்கு மார்க் வந்தது, காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் எல்லாரும் வரிசையாக நின்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல ஓர் உறுதிமொழியும் வந்தது. மகாகோடி என் குடும்பம். புன்னகை என் சீருடை. களைப்பு என்பது என் அகராதியில் இல்லை. நிறுவனம் வளர நான் நிற்பேன். இதைப் பேச்சியின் குரலில் பதிவு செய்து தினமும் ஓடவிட்டார்கள். பதிவு செய்கிற அன்றைக்கே நிகில் சார் அந்த ற-வைப் பிடித்துவிட்டார்.

"மேடம், வேறு. நாக்கை நல்லா மேல மடக்கிச் சொல்லுங்க. வேறு."

"வேரு."

"வேறு."

"அதைத்தான சார் சொல்லுதேன். வேரு."

"ஓகே மேடம், கூல். க்யூட்டாதான் இருக்கு, ஆனா பிராண்டுக்கு செட் ஆகாது. அப்புறம் பாத்துக்கலாம்" என்று நிகில் சார் போய்விட்டார். பேச்சிக்குக் காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன.

உறுதிமொழி வந்து கொஞ்ச நாளில் ஒரு முகூர்த்த நாள் கூட்டத்தில் பாத்திமாவின் காலில் ஒரு நரம்பு உடைந்தது. வெள்ளை டைல்ஸில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தது. தளவாய் ஓடிவந்து, கால் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. விற்காத கட் பீஸ் ஒன்றை எடுத்துப்போட்டு, "வாடிக்கையாளர் பாக்குறதுக்குள்ள துடைம்மா" என்றார். பாத்திமா துடைத்தாள். அதே துணியைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு, "வாங்கக்கா, என்ன கலர் பாக்கியோ?" என்றாள். மைக் ரூம் கண்ணாடி வழியாக அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த பேச்சிக்கு நெஞ்சு எரிந்தது. "சவத்து மூதிகளா, நீங்க குடுத்த வார்த்தையை உங்களுக்கே திருப்பித் தாரேன் இருங்க" என்று வாய்விட்டே சொன்னாள். நல்ல வேளை, மைக் அணைந்திருந்தது.

மைக் ரூம் கம்ப்யூட்டரில் அவள் குரல் வருஷக்கணக்கில் கிடந்தது. குரலைப் படமாகக் காட்டி, வெட்டவும் ஒட்டவும் இழுக்கவும் நசுக்கவும் விடுகிற சாஃப்ட்வேர் ஒன்றும் அதில் இருந்தது. அறிவிப்பில் வருகிற இருமலை வெட்டுவதற்காகப் பேச்சி அதைப் பழகியிருந்தாள். இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கடையையே வெட்ட ஆரம்பித்தாள். பில் போடுகிற இடத்தில் ஸ்கேனர் போடும் பீப் சத்தத்தைத் தாளமாக வைத்தாள், ரவிக்கைத் துணி கிழிபடுகிற கர்ரைச் சிணுக்கலாக வைத்தாள், லிஃப்ட் கதவு மூடுகிற தும்மை அடிவயிற்றில் இடிக்கிற இடியாக்கி அடியில் போட்டாள், பில் அச்சாகிற ஜிர்ரை நீட்டி நாதஸ்வரம் மாதிரி மேலே பறக்கவிட்டாள், அதன்மேல் தன் குரலைத் துண்டு துண்டாக நறுக்கித் தூவினாள். "வாடிக்கையாளர்களே" என்பது "வாடி, வாடி, வாடி" ஆனது. "வாங்க வாங்க" என்பது வருவதற்கா விலைக்கு வாங்குவதற்கா என்று தெரியாமல் "வாங்க வாங்க, வாங்கத்தான் வாங்க" என்று சுற்றிச் சுற்றி வந்தது. "தள்ளுபடி" பாதியில் முறிந்து "தள்ளு தள்ளு தள்ளு" என்று முண்டியடித்தது. உறுதிமொழியில் "புன்னகை என் சீருடை" வந்ததும் ஸ்கேனர் பீப் அடித்து அதற்கும் பில் போட்டது. "நிறுவனம் வளர" என்பதில் முன்னால் இருந்த இரண்டெழுத்து போய் "வனம் வளர, வனம் வளர" என்று வளர்ந்துகொண்டே போனது.

கடைசியில் அண்ணாச்சியின் வரி. அது தாளத்துக்குள் அடங்காமல் நீண்டது. பேச்சி அதைப் பிடித்து நசுக்கினாள். நசுக்கின நசுக்கில் "இல்லை" என்பது மெலிந்து, ஒரு ல் உதிர்ந்து, "இலை" என்று நின்றது. ஓடவிட்டுக் கேட்டாள்.

எங்களுக்கு வேரு. எங்கும் கிளைகள். இலை.

பேச்சி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிச் சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன் அனுபவித்ததில்லை. இதை நான் செய்தேன், என் நாக்கும் என் கையும் சேர்ந்து செய்தது என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் காலையில் எல்லாரும் நெஞ்சில் கை வைத்து நின்றபோது உறுதிமொழிக்குப் பதில் அது ஒலித்தது. முதலில் பெண்கள் திருதிருவென்று முழித்தார்கள். "வாடி வாடி"யில் ஒருத்தி களுக்கென்றாள். "தள்ளு தள்ளு"வில் பில் கவுண்டர் பூராவும் தோளாட்டியது. "வனம் வளர" வந்தபோது நெஞ்சில் வைத்த கையாலேயே தாளம் போட்டார்கள். அண்ணாச்சியின் வரி வந்தது. பட்டுச் சேலைப் பிரிவில், பாத்திமாவின் தலைக்கு நேர்மேலே இருந்த கூரை ஸ்பீக்கரின் ஓட்டைகள் வழியாக ஒரு தளிர் எட்டிப் பார்த்து, இலை விரித்து, காம்பு நீட்டி, பாட்டு முடிவதற்குள் ஒரு முழத்துக்குப் பூவரசங்கிளை தொங்கியது.

கூட்டுகிற ஆவுடையக்காதான் முதலில் வாய் திறந்தாள். "நல்லாருக்கு போ. இனி இந்தச் சருகையும் நான்தான அள்ளணும்" என்றாள். அவ்வளவுதான். ஷட்டர் தூக்கியாயிற்று, வியாபாரம் ஆரம்பித்தாயிற்று. தளவாய் மைக் ரூம் கதவைத் தட்டி, யார் போட்ட பாட்டு இது என்று கேட்டபோது, பேச்சி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "சிஸ்டம் தானா பாடுது சார், அப்டேட் ஆயிருக்கும்" என்றாள். அப்டேட் என்றால் தளவாய்க்குப் பயம். அதோடு அண்ணாச்சி சரக்கெடுக்க சூரத்துக்குப் போயிருந்தார், கல்லாவும் குறையவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

கிளை தினமும் இறங்கியது. பாட்டுப் போடப் போட இறங்கியது. ஒரு வாரத்தில் கடைக்கு அது பழகிப்போய், ஏ.சி. காற்றில் அது சலசலக்காவிட்டால்தான் ஏதோ மாதிரி இருக்கிறது என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. பெண்கள் அதில் துப்பட்டாவை மாட்டினார்கள், சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டார்கள். மஞ்சள் பூ விழுந்தால் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஜவுளி எடுக்க வந்தவர்கள் ஒருத்தர்கூட இது எப்படி இங்கே வந்தது என்று கேட்கவில்லை. இது என்ன விலை என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள். வள்ளியூரிலிருந்து வந்த கல்யாண வீட்டுக் கூட்டம் ஒன்று கிளையடியில் குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு, சேலையை வேறு கடையில் எடுத்துக்கொண்டு போனது. அழுகிற குழந்தைக்கு ஆவுடையக்கா ஓர் இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து கொடுக்க, குழந்தை ஊத, அது பில் மெஷின் மாதிரி பீப் என்றது.

பாட்டு கடையைவிட்டு வெளியேயும் போனது. யார் போனில் யார் பிடித்தார்களோ, மினி பஸ்ஸில் ஒலித்தது, பேட்டையில் கோயில் கொடையில் ஒலித்தது, மேலப்பாளையத்தில் நிக்காஹ் வீட்டில் மாப்பிள்ளை இறங்கும்போது ஒலித்தது. எதிர்த்த கடைகளில் நிற்கிற பெண்கள் டீக்கடையில் பார்த்தால், "என்னட்டி, உங்க கடைக்குக் கிளை வந்துட்டாமே!" என்று கேலி பேசினார்கள். கேலிதான், ஆனால் அதில் பொறாமை இருந்தது. மகாகோடிப் பெண்கள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பாட்டு வந்தால் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். முதலில் "எங்க கடைப் பாட்டு" என்றார்கள். பிறகு கடையை விட்டுவிட்டு "எங்க பாட்டு" என்றார்கள்.

பாத்திமா காலையில் வந்ததும் கிளை எதுவரை இறங்கியிருக்கிறது என்று உடம்போடு அளந்து பார்ப்பாள். முதலில் நெற்றிக்கு, பிறகு தோளுக்கு, பிறகு நெஞ்சுக்கு. கையால் அழுத்திப் பார்ப்பாள். நன்றாகத் தடித்துவிட்டது, ஆள் தாங்கும். சாப்பாட்டு நேரத்தில் மைக் ரூமுக்கு வந்து பேச்சியின் காதில், "இன்னும் ரெண்டு முழந்தாண்டி" என்றாள். அவள் எதற்கு அளக்கிறாள் என்று பேச்சிக்கு அப்போது புரிந்தது.

இதற்கிடையில் நிகில் சார் சும்மா இருப்பாரா? விற்காத பொருள் ஒன்று கடைக்குள் தொங்குவதை அவரால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு இலையிலும் ஸ்டிக்கர் ஒட்டவைத்தார். இலை என்பது கீரையில் சேருமா, அலங்காரப் பொருளில் சேருமா, எந்த வரி போடுவது என்று அக்கவுண்ட்ஸில் ஒரு பகல் முழுக்கச் சண்டை நடந்து, கடைசியில் ஃபேன்ஸி அயிட்டத்தில் சேர்த்தார்கள். ஓர் இலை வாங்கினால் ஓர் இலை இலவசம் என்று போர்டு வைத்ததும் ஜனம் முண்டியடித்து வாங்கியது. ஆனால் வாங்கிப்போன இலை எதுவும் வாங்கிய வீட்டில் தங்கவில்லை. ஷோகேஸில் வைத்த இலையும் பீரோவில் பூட்டிய இலையும் பொழுது விடிவதற்குள் கடைக்குத் திரும்பிவந்து, ஸ்டிக்கரோடு அதே காம்பில் ஒட்டிக்கொண்டு ஆடின. பின்னாலேயே வாங்கியவர்களும் வந்து நின்றார்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற போர்டைத் தளவாய் கை நீட்டிக் காட்டினார். பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் கிளையைக் கை நீட்டிக் காட்டினார். "யோவ், நான் திருப்பித் தரலவே. அதுவாத்தான் திரும்பி வந்துருக்கு. இப்ப எனக்கு என்ன பதில்?" என்றார். அதற்குத் தளவாயிடம் போர்டு இல்லை.

அப்போதுதான் நிகில் சாருக்கு வேறொரு யோசனை பிறந்தது. "இந்தப் பாட்டை நாம தடுக்கவே வேணாம். நம்ம பிராண்டு பாட்டா எடுத்துப்போம்" என்றார். "யூத் நம்மளைக் கிண்டல் பண்றாங்கன்னா அதையும் நாமளே விக்கலாம். கொஞ்சம் க்ளீன் பண்ணணும், அவ்ளோதான்." க்ளீன் செய்தார்கள். "வாடி" போய் முழு வாடிக்கையாளர் வந்தார், "வனம்" போய் நிறுவனம் வந்தது, கம்ப்யூட்டரை வைத்தே பேச்சியின் குரலுக்கு வல்லின ற-வைப் பொருத்தி, உதிர்ந்த ல்-லையும் தேடிப்பிடித்து ஒட்டினார்கள். எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை. அட்சர சுத்தம்.

கிளை சொன்னபடி கேட்டது. இல்லை என்று சொன்னால் இல்லை. முதல் நாள் இலை பழுத்தது, மறுநாள் ஆவுடையக்கா கூடை கூடையாகச் சருகு அள்ளினாள், பாத்திமாவின் இடுப்புவரைக்கும் இறங்கியிருந்த கிளை விறகாகச் சுருங்கி மேலே மேலே போய்க் கூரையோரம் ஒரு குச்சியாக நின்றது. பாத்திமா அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து, காலில் கட்டியிருந்த துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் ஊருக்கு அந்தத் திருத்திய குரல் பிடிக்கவில்லை. "அக்காவுக்குச் சளியா? ஒரு மாதிரி பேசுதாவ" என்று கேட்டார்கள். ஆகவே ஆடித் தள்ளுபடி தொடங்குகிற அன்றைக்கு, சூரத்திலிருந்து வந்த அண்ணாச்சி முன்னிலையில், பட்டுச் சேலைப் பிரிவின் நடுவில் நின்று பேச்சி நேரடியாகச் சொல்ல வேண்டும், ற-வோடு சொல்ல வேண்டும் என்று ஏற்பாடானது. "வரலைன்னா பரவால்ல மேடம்" என்றார் நிகில் சார், மரியாதையாகத்தான். "மைக் ரூமுக்கு வேற ஆள் பாத்துக்கலாம். நீங்க திரும்ப சாரீஸ்லயே நிக்கலாம்."

பேச்சி பழகினாள். கறி, அறை, பறவை என்று பஸ்ஸில் பழகினாள், குளிக்கும்போது பழகினாள், ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் பல் விளக்கும்போது சனியன் வந்தே விட்டது. "வேறு" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. மணி மாதிரி வந்தது. இனி அவள் நாற்காலிக்கு ஆபத்தில்லை.

ஆடி முதல் நாள். வாழைமரம், தோரணம், நாதஸ்வரம், உள்ளே நுழையவே இடமில்லாத கூட்டம். அண்ணாச்சி கழுத்து நிறைய மாலையோடு நின்றார், அவர் பக்கத்தில் நிகில் சார், அவர் பக்கத்தில் தளவாய். கவுண்டர்களுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நெஞ்சில் கை வைத்து நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையோடு நாற்காலிகள் வரிசையாக நின்றன. கூரையில் குச்சி. குச்சிக்குக் கீழே பாத்திமா, உடம்பை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றி, வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றி, சிரித்துக்கொண்டு நின்றாள்.

பேச்சி மைக்கை வாங்கினாள்.

"எங்களுக்கு" என்றாள். என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை! அண்ணாச்சிக்காகவும் கல்லாவுக்காகவும் கடைக்காகவும் வாயை வாடகைக்கு விட்டுச் சொன்ன அந்த எங்களுக்கு என்ற வார்த்தை, இப்போது பாத்திமாவைப் பார்த்துக்கொண்டு சொன்னபோது, யாருக்கு என்று அவளுக்கே முதல்முறையாகத் தெரிந்தது. நிகில் சார் நாக்கை மேலே மடக்கிக் காட்டி, ம், சொல்லுங்க என்று தலையாட்டினார். கஷ்டப்பட்டுப் பழகிய ற நாக்கு நுனியில் தயாராக நின்றது. பேச்சி அதை அப்படியே விழுங்கினாள்.

"வேரு" என்றாள்.

நிறுத்தி, நிதானமாக, தன் அம்மா வாயிலும் தன் தெரு வாயிலும் எப்படி வருமோ அப்படியே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். "எங்களுக்கு வேரு. எங்கும் கிளைகள். இலை."

கம்ப்யூட்டர் இல்லை, தாளம் இல்லை. பில் கவுண்டரில் இருந்தவள் தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையே எடுத்து ஸ்கேனரில் காட்டினாள். பீப். மறுபடி காட்டினாள். பீப். சட்டைத் துணிப் பிரிவில் மீட்டர் கோல் கவுண்டர்மேல் விழுந்தது. ரவிக்கைப் பிரிவில் ஒருத்தி ஒரு முழத் துணியைக் கர்ரென்று கிழித்தாள். லிஃப்டில் நின்றவள் கதவை மூடித் திறந்து மூடினாள், தும், தும். நெஞ்சில் வைத்த கைகள் நெஞ்சையே அடித்தன. பேச்சி சொல்ல, பட்டும் சுடிதாரும் பில் கவுண்டரும் ஒரே வாயாகத் திருப்பிச் சொல்ல, ஜவுளி எடுக்க வந்த கூட்டமும் மினி பஸ்ஸில் கேட்டுப் பழகிய வாயால் சேர்ந்துகொள்ள, எங்களுக்கு வேரு, எங்கும் கிளைகள், இலை, எங்களுக்கு வேரு, எங்கும் கிளைகள், இலை என்று கட்டடமே அதிர, கூரைக்குச்சி பச்சை பிடித்து, பட்டை தடித்து, கிளை பிரிந்து இறங்கியது. நெற்றி தாண்டி, நெஞ்சு தாண்டி, இடுப்பு தாண்டி இறங்கி, ஒரு மனுஷி உட்காருகிற உயரத்துக்கு வந்து, இனி அசையமாட்டேன் என்று நின்றது.

பாத்திமா கையால் தூசி தட்டினாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். உட்கார்ந்தாள்.

"யா அல்லா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அது அந்த மாடி முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, எந்திரி! அண்ணாச்சி நிக்காவ, எந்திரி!" என்று தளவாய் பதறினார்.

"நாற்காலியிலதான சார் உக்காரக் கூடாதுன்னிய" என்றாள் பாத்திமா. "இது கிளைல்லா."

சேலை எடுக்க வந்த நாங்குநேரி அம்மா ஒருத்தி, "நல்லாக் கேட்டா பிள்ள" என்று சத்தமாகச் சிரித்துவிட்டு, "நீ இரிம்மா, எனக்கு வேண்டியதை நானே எடுத்துக்கிடுதேன், அந்த மாம்பழக் கலரு எந்தத் தட்டுல இருக்கு?" என்றாள். பாத்திமா உட்கார்ந்தபடியே மீட்டர் கோலால் காட்டினாள். பக்கத்துக் கவுண்டர்க்காரி வந்து அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். இன்னொருத்தி இடப்பக்கம் உட்கார்ந்தாள். ஆள் வர வரக் கிளையும் நீண்டுகொண்டே போனது. ஆவுடையக்கா துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி மெல்லப் பேச்சியின் பக்கம் திரும்பினார். "யாரு போட்ட பாட்டுட்டி இது?"

இந்தத் தடவை பேச்சிக்கு அப்டேட் ஞாபகம் வரவில்லை. மைக் இன்னும் கையில்தான் இருந்தது, அணைக்கவும் இல்லை. ஆகவே கீழ்த்தளத்து வாசல்வரைக்கும் எல்லாருக்கும் கேட்டது.

"நான் போட்டது அண்ணாச்சி. நானே வெட்டுனேன், நானே ஒட்டுனேன். வாயும் என்னுது, பாட்டும் என்னுது. நான் பேசுனா இப்பிடித்தான் வரும்."

அண்ணாச்சி கண்ணுக்கெட்டியவரை பார்த்தார். கவுண்டருக்குப் பின்னால் ஒருத்தியும் நிற்கவில்லை. மாடி முழுக்கக் கிளையில் பெண்கள் காலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மாலையும் கழுத்துமாக அவர் ஒருத்தர்தான் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பாத்திமா அவரைப் பார்த்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, கையால் தட்டிக் காட்டினாள்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள். "நம்ம கிளைதான்."